ஆங்கிலத்தில் இருந்து இத்தாலியனுக்கு: யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இத்தாலியில் இருக்கும் கணவரிடமோ மனைவியிடமோ போய்ச் சேரக் காத்திருப்பவர்கள், அங்கே சிசிலித் தீவின் பலெர்மோ நகரில் வேலை செய்துகொண்டே மொழி பிடிபடாமல் திணறுபவர்கள், சும்மா ஆர்வத்தில் படிப்பவர்கள் என்று யாழ்ப்பாணத்தில் இருந்து இத்தாலியன் படிக்கத் தொடங்குகிறவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். இத்தாலியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் தந்திருப்பது உச்சரிப்பைத் தொட்டுக்காட்டத்தான். எழுதும்போது இத்தாலிய எழுத்திலேயே பழகுங்கள். ஏன் என்பது கீழே வருகிறது.

ஓரளவு ஆங்கிலம் தெரியும். ஆங்கிலத்தில் யோசித்து இத்தாலியனுக்கு மாற்றினால் சுலபம்தானே?

தனிச் சொற்களுக்கு ஓம். வசனங்களுக்கு இல்லை.

சொற்களில் ஆங்கிலம் நிறையவே உதவும். 'ஷன்' என்று முடியும் ஆங்கிலச் சொற்கள் பல இத்தாலியனில் 'த்சியோனே' என்று முடியும்: ஸ்டேஷன் ஸ்தாத்சியோனே ஆகும், நேஷன் நாத்சியோனே ஆகும். யுனிவர்சிட்டி உனிவெர்சித்தா. இப்படி நூற்றுக்கணக்கில் இலவசமாகக் கிடைக்கும்.

வசனம் என்று வந்தால் கதை வேறு. ஆங்கிலத்தில் 'ஐ லைக் ஃபிஷ்' என்கிறோம். அங்கே நான்தான் எழுவாய். இத்தாலியனில் 'மி பியாச்சே இல் பெஷ்ஷே'. இதை அப்படியே தமிழில் வையுங்கள்: 'எனக்கு மீன் பிடிக்கும்'. 'மி' என்றால் எனக்கு, பிடிப்பது மீன். கட்டுமானம் அச்சொட்டாக ஒன்று. பலவற்றைப் பிடித்தால் 'மி பியாச்சொனோ' என்று வினை பன்மையாகும். அதை மட்டும் புதிதாகப் பழக வேண்டும். தலை நோகுதா? 'மி ஃபா மாலே லா தெஸ்தா': எனக்குத் தலை நோகுது. ஒருவரைக் காணாமல் ஏங்கினால் 'மி மாங்கி', அதாவது நீ எனக்கு இல்லாமல் இருக்கிறாய். ஆங்கிலத்தில் இருந்து வருபவர்கள் இந்த மூன்றிலும் மாதக்கணக்கில் தலைகீழாக நிற்பார்கள்.

இன்னொன்று: நாங்கள் 'கதைக்கிறன், கதைக்கிறாய், கதைக்கிறார்' என்றாலே யார் என்று தெரிந்துவிடும். இத்தாலியனிலும் 'பார்லோ, பார்லி, பார்லா' போதும். ஆங்கிலப் பழக்கத்தில் ஒவ்வொரு வசனத்துக்கும் முன்னால் 'இயோ' (நான்) வைத்தால் 'நான் சாப்பிட்டன், நான் வந்தன், நான் பார்த்தன்' என்று அழுத்திச் சொல்வதுபோல் கேட்கும்.

வகுப்புக்கு வருகிறவர்களின் கொப்பியில் பெரும்பாலும் மூன்று நிரல் இருக்கும்: முதலில் ஆங்கிலம், நடுவில் தமிழ், கடைசியில் இத்தாலியன். முதல் நிரலை வெட்டிவிடச் சொல்வதுதான் என் முதல் பாடம். வசனத்துக்குத் தமிழ், சொல்லுக்கு வேண்டுமானால் ஆங்கிலம். இந்தப் பக்கம் முழுக்க நான் சொல்லப்போவதும் அதுதான்.

'யூ' என்பதற்கு இத்தாலியனில் என்ன?

கேள்வியே ஆங்கிலக் கேள்வி. யாரிடம் பேசுகிறீர்கள்? நண்பர், பிள்ளை, உறவினர், சக வேலையாள் என்றால் 'தூ'. கடைக்காரர், மருத்துவர், அலுவலர், முன்பின் தெரியாத பெரியவர் என்றால் 'லேய்'. நீ, நீங்கள் என்ற வித்தியாசம்தான். நமக்கு நடுவில் 'நீர்' என்ற ஒன்றும் இருப்பதால், ஆளைப் பார்த்துச் சொல்லை எடுப்பதை யாழ்ப்பாணத்தாருக்குக் கற்றுக்கொடுக்கத் தேவையில்லை. நாப்போலி பக்கத்து ஊர்களில் வயது போனவர்களுக்கு மரியாதையாக 'வோய்' போடுவதும் காதில் விழும்.

'லேய்' என்பதற்கு 'அவள்' என்றும் பொருள் உண்டு. மரியாதைக்கு வரும்போது வினையும் படர்க்கையில்தான் வரும். ஆணிடம் பேசினாலும் அப்படியே. 'கோமெ ஸ்தா?' (எப்படி இருக்கிறீர்கள்), 'கோமெ ஸ்தாய்?' (எப்படி இருக்கிறாய்).

நம்முடைய 'வாங்கோ, இருங்கோ, சொல்லுங்கோ' மூன்றும் அங்கே தயாராக இருக்கின்றன: வெங்கா, சி அக்கோமொதி, மி தீகா. இத்தாலியில் இறைச்சிக்கடை மேசைக்கு முன்னால் உங்கள் முறை வந்ததும் கடைக்காரர் 'மி தீகா' என்பார். ஆங்கிலத்தில் 'மே ஐ ஹெல்ப் யூ' என்று எதிர்பார்த்து நிற்பவருக்கு ஒன்றும் விளங்காது. அது வெறும் 'சொல்லுங்கோ'.

'சொறி', 'எக்ஸ்கியூஸ் மீ' இரண்டுக்கும் 'ஸ்கூசி' போதுமா?

போதாது. பிழை விட்டாலோ ஒருவரைக் கூப்பிட்டு வழி கேட்டாலோ 'ஸ்கூசி' (தெரிந்தவரிடம் 'ஸ்கூசா'). வருத்தம் தெரிவிக்க 'மி திஸ்பியாச்சே'. செத்தவீட்டில் 'கொந்தொல்லியான்த்சே' என்று கை கொடுப்பார்கள். அங்கே போய் 'ஸ்கூசா' சொல்லிவிடாதீர்கள்.

நெரிசலில் விலகி வழிவிடச் சொல்ல 'பெர்மெஸ்ஸோ'. இதே சொல்லை ஒருவர் வீட்டு வாசல்படியிலும் சொல்ல வேண்டும். கதவைத் திறந்து 'வாங்கோ' என்று கூப்பிட்ட பிறகும், காலை உள்ளே வைக்கும்போது ஒரு 'பெர்மெஸ்ஸோ' சொல்லிவிட்டுத்தான் நுழைவார்கள். வயதானவர்கள் இதைக் கவனிப்பார்கள். சொல்லாதவரைப் பண்பில்லாதவர் என்று நினைப்பார்கள், முகத்துக்கு நேரே சொல்லமாட்டார்கள்.

பஸ்ஸில் இன்னொரு முறை. கதவுப் பக்கம் நிற்கிறீர்கள், பின்னால் இருந்து ஒருவர் 'ஷேந்தே?' என்கிறார். 'இறங்கிறீங்களோ?' என்று பொருள். உண்மையில் அவர் கேட்பது, இறங்காவிட்டால் வழியை விடுங்கோ என்பது. 'நோ' என்று சொல்லிவிட்டு அப்படியே நிற்காமல் ஒதுங்குங்கள்.

'பிரேகோ' என்று எல்லாவற்றுக்கும் சொல்கிறார்களே?

நன்றி சொன்னால் 'பறவாயில்லை' என்ற பதில் அது. உள்ளே வரச் சொல்லவும், இருக்கையைக் காட்டவும், 'நீங்கள் முதலில் போங்கோ' என்று வழிவிடவும் அதேதான். 'கிராத்சியே' என்றால் நன்றி. அதன் கடைசி 'யே'யை விழுங்காதீர்கள். ஆங்கிலேயர்கள் 'கிராத்சி' என்று வெட்டிவிடுவார்கள், நாங்கள் அவர்களைப் பார்த்துப் பழகத் தேவையில்லை.

வணக்கம், போயிட்டு வாறன்: இவற்றுக்கு?

'சாஓ' நெருங்கியவர்களுக்கு மட்டும். அலுவலகத்தில் அதைச் சொன்னால் கிராமசேவகரைத் தோளில் தட்டிக் கூப்பிட்டதுபோல் ஆகும். காலையில் 'புவொன்ஜோர்னோ', பின்னேரத்தில் 'புவொனசேரா'. 'குட் ஆஃப்டர்நூன்' என்பதற்கும் ஒரு சொல் இருக்கிறது, ஆனால் பேச்சில் அரிது. 'புவொனநொத்தே' படுக்கப் போகும்போதுதான். இரவு எட்டு மணிக்கு ஒருவரைச் சந்தித்ததும் அதைச் சொன்னால் சிரிப்பார்கள்.

விடைபெறும்போது நாங்கள் 'போறன்' என்று சொல்வதில்லை, சொன்னால் அம்மாவிடம் ஏச்சு வாங்குவோம். இத்தாலியர்களும் அப்படித்தான். 'அர்ரிவெதேர்ச்சி' என்பதற்குள்ளேயே திரும்பக் காண்போம் என்பது இருக்கிறது. 'ச்சி வெதியாமோ' அதைவிடச் சாதாரணம். 'அத்தீயோ' என்ற சொல்லைத் தொடாதீர்கள். இனிமேல் காணவே மாட்டோம் என்ற தொனி அதில் உண்டு.

தொலைபேசியை எடுத்தால் 'ஹலோ' இல்லை, 'பிரோந்தோ'. யாராவது தும்மினால் 'சலூதே'. குழந்தை தும்மினால் நாங்கள் 'நூறு' என்கிறோமே, அந்த இடம். பேச்சைத் தொடங்க 'அல்லோரா'. யாழ்ப்பாணத்தில் எவரும் எதையும் 'அப்ப…' என்றுதானே தொடங்குகிறோம், அதுவேதான். ஒப்புக்கொள்ள 'வா பேனே', சரி.

'ஹாட்' என்றால்?

சூடா, உறைப்பா? ஆங்கிலத்துக்கு இரண்டும் ஒன்று. நமக்கும் இத்தாலியருக்கும் வேறு வேறு. சூடு 'கால்தோ', உறைப்பு 'பிக்காந்தே'. வெயில் என்றால் 'ஃபா கால்தோ'. எனக்கு வேர்க்கிறது என்றால் 'ஓ கால்தோ'. ஆங்கிலத்தைப் பார்த்து 'சோனோ கால்தோ' என்று சொல்லவேண்டாம், அதற்கு வேறு மாதிரிப் பொருள் எடுப்பார்கள்.

குளியலறைக் குழாயில் 'சி' என்று எழுதியிருந்தால் அது கால்தோ, சுடுதண்ணீர். குளிர்ந்தது 'எஃப்', ஃபிரெத்தோ. கோல்ட் என்று நினைத்துத் திறந்து கையைச் சுட்டுக்கொண்டவர்கள் அநேகம்.

வயது, பசி, தாகம், குளிர் எல்லாம் இத்தாலியனில் 'வைத்திருக்கும்' விடயங்கள்: 'ஓ ஃபாமே' பசிக்கிறது, 'ஓ சேத்தே' தாகமாக இருக்கிறது, 'ஓ வென்தான்னி' எனக்கு இருபது வயது. ஆங்கிலத்தின் 'ஐ ஆம்' இங்கே நுழையக் கூடாது.

'ஐ வாண்ட்' என்பதற்கு 'வொல்லியோ' சரியான சொல்தான், ஆனால் கடையில் கேட்கும்போது கொஞ்சம் அதட்டலாக இருக்கும். 'வொர்ரேய்' என்று கேளுங்கள்.

ஆங்கிலச் சொல்லைப்போலவே இருந்து ஏமாற்றும் சொற்கள்?

நிறைய. அடிக்கடி இடறுபவை இவை. 'பாரேந்தி' என்றால் பெற்றோர் இல்லை, உறவினர், பெற்றோர் 'ஜெனித்தோரி'. 'காமெரா' அறை. 'லிப்ரெரீயா' புத்தகக்கடை, நூலகம் 'பிப்லியோதேகா'. 'ஃபத்தோரீயா' பண்ணை, தொழிற்சாலை 'ஃபாப்ரிகா'. இதை மாற்றிச் சொல்லிவிட்டு, வேலை எங்கே என்ற கேள்விக்கு மாடு மேய்ப்பதாகப் பதில் சொன்னவர்கள் உண்டு. 'எதுகாத்தோ' படித்தவர் இல்லை, பண்பானவர். 'ஃபிர்மா' கம்பனி இல்லை, கையெழுத்து. விண்ணப்பத்தின் அடியில் அந்தச் சொல் இருந்தால் கையெழுத்து வையுங்கள். 'பெப்பெரோனி' குடைமிளகாய். கோப்பிக் கடையில் 'லாத்தே' கேட்டால் வெறும் பால்தான் வரும். 'கொன்ஃபெத்தி' கலியாணத்தில் கொடுக்கும் சீனி பூசிய பாதாம். நாங்கள் தூவுகிற கலர்க் கடதாசித் துண்டுக்குப் பெயர் 'கொரியாந்தொலி', கொத்தமல்லி 'கொரியாந்தொலோ'.

இரண்டு மட்டும் கொஞ்சம் சங்கடமானவை. உணவில் பிரிசர்வேட்டிவ் இருக்கிறதா என்று கேட்க 'கொன்செர்வாந்தி' என்று சொல்லுங்கள். 'பிரெசெர்வத்தீவி' என்றால் ஆணுறை. அப்புறம், 'ஐ ஆம் எக்சைட்டட்' என்பதை 'எச்சித்தாத்தோ' என்று மாற்றாதீர்கள், படுக்கையறைப் பொருள் வரும். ஆவலோடு காத்திருக்கிறேன் என்றால் 'நோன் வேதோ லோரா'.

மாமா, சித்தப்பா, மச்சான்: இதையெல்லாம் எப்படி எழுதுவது?

இங்கேதான் இத்தாலியன் நம்மைக் கைவிடுகிறது. பெரியப்பா, சித்தப்பா, மாமா எல்லாரும் 'த்சீயோ'. பெரியம்மா, சின்னம்மா, மாமி எல்லாரும் 'த்சீயா'. (பலெர்மோ வீதியில் 'மாமா!' என்று கத்தினால் அம்மாவைத்தான் கூப்பிடுகிறீர்கள் என்று நினைப்பார்கள், அம்மா 'மம்மா'.) மச்சான், மாமா மகன் என்றால் 'குஜீனோ', அக்காவின் கணவர் என்றால் 'கொஞ்ஞாத்தோ'. 'நிப்போத்தே' என்ற ஒரே சொல் பேரன், பேத்தி, மருமகன், மருமகள் அத்தனை பேருக்கும் போகும். மருமகன் என்று நான் சொல்வது சகோதரத்தின் பிள்ளையை. மகளின் கணவர் 'ஜேனெரோ', மகனின் மனைவி 'நுவோரா'. குழப்பம் வந்தால் 'ஃபில்லியோ தி மியோ ஃபிராதெல்லோ', என் சகோதரனின் மகன், என்று நீட்டிச் சொல்வதே நல்லது.

நாங்கள் ஆங்கிலத்தில் 'கசின் பிரதர்' என்று சொல்லிப் பழகியவர்கள். பத்திரங்களில் அவரை 'ஃபிராதெல்லோ' என்று எழுதவே கூடாது. அது கூடப்பிறந்தவரை மட்டும் குறிக்கும்.

விண்ணப்பத்தில் 'நோமே', 'கொஞ்ஞோமே' என்று இரண்டு இடம் இருக்கிறது. நமக்குக் குடும்பப் பெயர் இல்லையே?

'நோமே' உங்கள் பெயர், 'கொஞ்ஞோமே' குடும்பப் பெயர். எங்களில் பெரும்பாலானோருக்கு இருப்பது அப்பாவின் பெயரும் சொந்தப் பெயரும்தான். உங்கள் நியாயத்தைப் படிவத்தில் எழுத இடமில்லை, கடவுச்சீட்டில் எது எந்த இடத்தில் இருக்கிறதோ அதையே எழுத்துப் பிசகாமல் எழுதுங்கள். இத்தாலியின் 'கோதிச்சே ஃபிஸ்காலே' என்ற 16 எழுத்தும் எண்ணும் கொண்ட வரிக் குறியீடு, குடும்பப் பெயர், பெயர், பிறந்த திகதி, பால், பிறந்த இடம் இவற்றில் இருந்துதான் கட்டப்படுகிறது. பெயர்கள் இடம் மாறினால் குறியீடே வேறு ஆகிவிடும், பிறகு வங்கி, மருத்துவ அட்டை எல்லாவற்றிலும் இழுபறி. இத்தாலியப் பெண்கள் கலியாணத்துக்குப் பிறகும் பத்திரங்களில் பிறந்தவீட்டுப் பெயரையே வைத்திருப்பார்கள். ஆகவே மனைவிக்கும் கணவனுக்கும் வேறு வேறு 'கொஞ்ஞோமே' இருப்பதை அங்கே எவரும் விசித்திரமாகப் பார்க்கமாட்டார்கள்.

மற்றச் சொற்கள்: 'லுவோகோ தி நாஷித்தா' பிறந்த இடம், 'தாத்தா தி நாஷித்தா' பிறந்த திகதி (நாள், மாதம், வருடம் என்று நமது ஒழுங்குதான்), 'ஸ்காதென்த்சா' காலாவதித் திகதி. திருமணமாகாத ஆண் 'ச்சேலிபே', பெண் 'நூபிலே'. எண்களில் புள்ளியும் காற்புள்ளியும் இடம் மாறும்: ஆயிரம் யூரோ ஐம்பது சதம் 1.000,50 என்று வரும்.

போர்த்துக்கேயர் விட்டுப்போன சொற்கள் இத்தாலியனுக்கு உதவும் என்கிறார்களே?

உதவும். 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்த போர்த்துக்கேயர் 1658இல் ஒல்லாந்தரிடம் தோற்றுப் போனார்கள், அவர்களுடைய வீட்டுச் சாமான்கள் எங்கள் வாயில் தங்கிவிட்டன. போர்த்துக்கேயமும் இத்தாலியனும் இலத்தீன் தாயின் பிள்ளைகள். அதனால் பாண் அங்கே 'பானே', குசினி 'குச்சினா', பேனை 'பென்னா', வாங்கு 'பாங்கோ', அலுமாரி 'அர்மாதியோ', விசுக்கோத்து 'பிஸ்கோத்தோ', பொத்தான் 'பொத்தோனே'. பிரெட், கிச்சின், பெஞ்ச் என்று ஆங்கிலத்தில் யோசித்தால் இந்த உறவு கண்ணில் படவே படாது. அப்பு போன தவறணைகூட 'தவெர்னா'வாக அங்கே இருக்கிறது. ஆனால் துவாய் ஏமாற்றும்: 'தொவால்யா' என்றால் மேசைவிரிப்பு, துடைக்கிற துவாய் 'அஷுகமானோ'.

தமிழ் எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்யலாமா?

வேண்டாம். தமிழில் 'பாஸ்தா' என்று எழுதினால் அது சாப்பிடுகிற மாச்சாப்பாடா, 'போதும்' என்ற சொல்லா? இத்தாலியனில் இரண்டும் உண்டு, முதல் ஒலிதான் வித்தியாசம். இதைவிட மோசம் 'குவாந்தோ'. 'ந்' என்ற எழுத்துக்குப் பிறகு வரும் 'த'வை நாங்கள் இயல்பாகவே மென்மையாக்கிவிடுவோம், 'எவ்வளவு' என்று கேட்க வாயெடுத்து 'எப்போது' என்று கேட்டுவிடுவோம். சந்தையில் தக்காளியைக் காட்டி 'எப்போது?' என்றால் கடைக்காரர் என்னதான் செய்வார். எங்கள் ஆட்களுக்கு உச்சரிப்பில் இருக்கிற பெரிய இடைஞ்சல் இதுதான், தினமும் உரக்கச் சொல்லிப் பழக வேண்டும்.

இரட்டை மெய்யில் நமக்குக் கவலை இல்லை. படு, பட்டு என்று பிரித்துப் பேசுகிறவர்களுக்குக் 'காஸா' (வீடு), 'காஸ்ஸா' (காசு கட்டும் இடம்) கடினமில்லை. வயது சொல்லும்போது 'அன்னி'யை அழுத்திச் சொல்லுங்கள். ஒற்றை 'ன்' போட்டால் அது ஆசனவாயைக் குறிக்கும் சொல்லாகிவிடும். 'ஞ' ஒலி நம்மிடம் இருக்கிறது: பாஞ்ஞோ (குளியலறை), சிஞ்ஞோரா. ஆங்கிலப் பழக்கத்தில் 'சி', 'எச்' சேர்ந்து வந்தால் 'ச' என்று படிக்காதீர்கள், இத்தாலியனில் அது 'க'. தனி 'எச்' ஊமை.

போனில் இருக்கும் மொழிபெயர்ப்புச் செயலி போதாதா?

மருந்துப் பெட்டியைப் படிக்க, பஸ் அறிவித்தலை விளங்கிக்கொள்ள, போதும். பேசுவதற்கு அதை நம்பினால் இரண்டு இடத்தில் விழுவீர்கள். ஆங்கிலத்தில் 'யூ' என்று கொடுத்தால் தூவா லேயா என்று அதற்குத் தெரியாது. 'ஐ ஆம் டயர்ட்' என்று கொடுத்தால் ஆண் சொல்வதாக எடுத்துக்கொண்டு 'ஸ்தாங்கோ' என்று தரலாம். பெண் சொல்லவேண்டியது 'ஸ்தாங்கா'. பிறப்புச் சான்றிதழ், விவாகப் பதிவு போன்றவற்றுக்குச் செயலி மொழிபெயர்ப்பு செல்லாது.

பொருள்களின் பால் விடயத்தில் ஆங்கிலமும் கைகொடுக்காது, தமிழும் கைகொடுக்காது. மேசைக்கும் கதவுக்கும் ஆண் பெண் பார்க்கிற வழக்கம் நமக்கு இல்லை. 'ஓ'வில் முடிந்தால் பெரும்பாலும் ஆண்பால், 'ஆ'வில் முடிந்தால் பெண்பால். ஆனால் 'லா மானோ' (கை), 'இல் புரொப்லேமா' என்று அடங்காதவையும் இருக்கின்றன. சொல்லைப் படிக்கும்போதே அதன் முன்னால் வரும் 'இல்', 'லா' என்ற சொல்லோடு சேர்த்துப் படிப்பதைத் தவிர வழி இல்லை.

எவ்வளவு படித்தால் போதும்?

16 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள், ஒரு வருடத்துக்குக் குறையாத வதிவிட அனுமதி கேட்டு முதல் தடவை நுழையும்போது ஓர் ஒருங்கிணைவு உடன்படிக்கையில் கையெழுத்து வைக்க வேண்டும். 2012 மார்ச்சில் இருந்து இது நடைமுறையில் இருக்கிறது. இரண்டு வருடத்துக்குள் பேச்சு இத்தாலியனில் ஏ2 நிலையை அடைய வேண்டும் (ஐரோப்பிய மொழித் தரத்தில் ஏ1 முதல் படி, ஏ2 அடுத்தது, பி1 அதற்கும் மேல்). நீண்டகால அனுமதிக்கும் ஏ2. குடியுரிமைக்கு 2018இல் இருந்து பி1. அங்கே போனதும் 'சிபிஐஏ' எனப்படும் வளர்ந்தோர் கல்வி நிலையங்களில் அரசே இத்தாலியன் சொல்லித் தருகிறது. இங்கிருந்தே ஏ1 முடித்துக்கொண்டு போனால் முதல் குளிர்காலம் ஓரளவு சமாளிக்கலாம்.

பலெர்மோவில் பேசுவது இத்தாலியன் மாதிரியே இல்லையாமே?

சந்தையிலும் வீட்டிலும் சிசிலியன் பேசுவார்கள், அது தனி. 'அமுனீ' என்றால் 'வாங்கோ போவம்', அதை முதல் வாரத்திலேயே கேட்பீர்கள். ஆனால் உங்களிடம் இத்தாலியனில்தான் பதில் சொல்வார்கள், நீங்களும் அதையே பேசுங்கள். விளங்காவிட்டால் 'நோன் ஓ கப்பீத்தோ, பியூ பியானோ பெர் ஃபவோரே' என்று சொல்லுங்கள்: விளங்கேல்லை, கொஞ்சம் ஆறுதலாகச் சொல்லுங்கோ. செப்டெம்பர் 4இல் பலெர்மோவின் காவல் புனிதையான சாந்தா ரொசாலியாவின் திருநாளுக்குப் பெல்லெகிரீனோ மலை ஏறும் கூட்டத்தில் நம்மவர்களும் இருப்பார்கள், சைவர்கள் உட்பட. இங்கே படித்ததை அங்கே பக்கத்தில் நடக்கிற பலெர்மோக்காரரிடம் பேசிப் பார்க்கலாம், ஏற்றத்தில் அவரும் மூச்சு வாங்கி மெதுவாகத்தான் பேசுவார்.